பெரிய செல்லு

"நாலு... ஏழு... ஏழு... சைபர்..."

மல்பெரித் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் கத்துகிறார். நான் பட்டுப்புழு மனை வாசலில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுத்துகிறேன். ஐந்தாவது எண் காற்றோடு போய்விட்டது. "மறுபடியும் சொல்லுங்க" என்று நான் கத்த, "ஒம்போது, ரெண்டு" என்று பதில் வருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். யாரிடமும் பகிர வேண்டாம் என்று செய்தியிலேயே எழுதி வரும் ரகசிய எண், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கேட்டுவிடும்.

இவ்வளவு கூத்தும் எதற்கென்றால், எங்கள் டேபுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும்.

முதலில் அந்த நம்பரின் சிம்மை டேபிலேயே போட்டிருந்தேன். ஒரு மானிய விண்ணப்பம். பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு, மல்பெரி எத்தனை ஏக்கர், எந்த ரகம் என்று எல்லாவற்றையும் தட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. மெசேஜைத் திறந்து ஆறு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால், பக்கம் வெள்ளையாகி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்துக் காட்டியது முதல் கட்டம்: விண்ணப்பதாரர் பெயர். மறுபடி இருபது நிமிடம். மறுபடி வட்டம். மேலேயிருந்து அறிவிப்பை இழுத்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. மூன்றாவது தடவை இழுத்தேன். செய்தியின் முதல் பாதி தெரிந்தது. எண் இரண்டாவது பாதியில் இருந்தது. அன்றைக்குத்தான் சிம்மைக் கழற்றி என் வீட்டுக்காரர் போனில் போட்டேன். அந்த சிம்முக்கு எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, வரப்பில்தான் கிடைக்கும். மீதிக் கதை மேலே சொன்னதுதான்.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில். நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்துவிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவள். படித்ததற்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று உறவில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனால் இந்த டேப் வந்த பிறகு, படித்ததில் கொஞ்சம் ஞாபகம் வந்தது என்பது உண்மை.

2022 ஜூனில் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது வாங்கியது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை, 8,999 ரூபாய். கொரோனா காலம் முழுக்க அவள் என் போனின் ஐந்தங்குலத் திரையில் பாடம் பார்த்துக் கண்ணைச் சுருக்கப் பழகியிருந்தாள். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். நடுவில் இருந்ததை வாங்கினோம். மூன்று பொருள் வைத்தால் நடுவில் இருப்பதைத்தான் எங்கள் வீட்டில் வாங்குவோம், புடவையானாலும் சரி. எட்டு அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. மாமியார் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரிய செல்லா கண்ணு இது?" என்றார். அன்று முதல் வீட்டில் அதன் பெயர் பெரிய செல்லு.

பெட்டியில் 32 என்று போட்டிருந்தது, உள்ளே பார்த்தால் 29 சொச்சம் என்றது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார்கள், கணினி 1,024 ஆக எண்ணுகிறது. கடைக்காரர் படியும் நம் வீட்டுப் படியும் வேறாக இருப்பது மாதிரி. அந்த 29-லும் ஆண்ட்ராய்டும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆப்களும் முதல் நாளே பெரிய இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தன. எங்களுக்கு மிச்சம் திண்ணைதான்.

ரேம், அதாவது ஓடுகிற ஆப்களை வைத்துக்கொள்ளும் நினைவகம், அதன் கதை அதைவிட மோசம். புழு வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். நூறு முட்டைத் தொகுதிக்குக் கட்டிய மனையில் இருநூறு தொகுதி ஓட்டினால், முதல் மூன்று பருவம் (ஒரு தோல் உரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள காலம்) எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். புழு சின்னதாக இருக்கும்வரை இடம் போதும். ஐந்தாம் பருவத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மொத்தம் தின்னும் தழையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்னும். அந்த நேரத்தில் தட்டு போதவில்லை என்றால் கொஞ்சத்தை எடுத்துக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. ஆண்ட்ராய்டும் அதைத்தான் செய்கிறது. நினைவகம் நிரம்பும்போது கண்ணுக்குத் தெரியாத ஆப்களில் எதை முதலில் அழிக்கலாம் என்று வரிசை போட்டு அழிக்க ஒரு ஏற்பாடு உள்ளேயே உண்டு. அதன் பெயரே 'லோ மெமரி கில்லர்'. நான் மெசேஜுக்குப் போன அந்தப் பத்து விநாடியில் என் விண்ணப்பம் கண்ணுக்குத் தெரியாத ஆப் ஆகிவிட்டது. கொட்டிவிட்டது.

இதில் டேபின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தன் வசதிக்கேற்பக் குடும்பம் நடத்துகிறது. எனக்குக் கோபம் அந்த விண்ணப்பத்தை எழுதினவர் மேல்தான். தட்டத் தட்ட ஒரு ஓரத்தில் சேமித்து வைத்திருக்கலாம். பெரிய வித்தை இல்லை, எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்த விஷயம். ஆனால் அவர் அதைச் சோதித்துப் பார்த்த போனில் ரேம் பன்னிரண்டு ஜிபி இருந்திருக்கும். வெள்ளை வட்டத்தையே அவர் பார்த்திருக்க மாட்டார். மானியம் கேட்கிறவர் கையில் எந்தப் போன் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் என் வீட்டுக்காரர் தொண்டை பிழைத்திருக்கும்.

செட்டிங்ஸில் 'ரேம் எக்ஸ்டென்ஷன்' என்று ஒன்று இருக்கிறது. கூட ஒரு ஜிபி தருகிறேன் என்று ஆசை காட்டும். நம்பாதீர்கள். சேமிப்பில் இருந்து ஒரு துண்டை எடுத்து ரேம் மாதிரி நடிக்க வைப்பது அது. விலை குறைந்த டேப்களில் இருக்கும் இஎம்எம்சி என்ற வகைச் சேமிப்பு ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. திண்ணையில் இடமில்லை என்று மாட்டுக் கொட்டகையில் பாய் போடுவது போல. படுக்கலாம், தூக்கம் வராது. ஒரு வாரம் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டேன்.

இந்த மாதிரிக் குறைந்த ரேம் கருவிகளுக்கென்றே 2017-இல் கூகுள் 'ஆண்ட்ராய்டு கோ' என்று ஒன்றை அறிவித்தது. எங்களுடையதும் அந்த வகைதான். பெயரில் 'கோ' என்று முடிகிற இளைத்த ஆப்கள் அதில் வந்தன. அதில் 'யூடியூப் கோ' மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போனது. வீடியோவை ஓட விடும்முன் எந்தத் தரத்தில் வேண்டும், எத்தனை எம்பி செலவாகும் என்று கேட்கும். "கேட்டுட்டுச் செய்யுது பாரு, மரியாதை தெரிஞ்சது" என்பார். நாங்கள் வாங்கி இரண்டே மாதத்தில், 2022 ஆகஸ்டில், கூகுள் அதை நிறுத்திவிட்டது. முழு யூடியூபுக்கு மாறச் சொன்னது. முழு யூடியூப் எதையும் கேட்பதில்லை.

மாமியாருக்கும் டேபுக்கும் இடையில் உண்மையான தகராறு வேறு. அவர் தொட்டால் அது கேட்காது.

முதலில் நாங்கள் நம்பவில்லை. "அழுத்தாதீங்க அத்தை, லேசாத் தொடுங்க" என்று மகளும் நானும் மாறி மாறிப் பாடம் எடுத்தோம். அவர் லேசாகத் தொட்டார். அழுத்தித் தொட்டார். நகத்தால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அதே இடத்தில் பேத்தி தொட்டால் உடனே திறந்தது. "எனக்கு மட்டும் ஆவ மாட்டேங்குது, என் ராசி" என்று நகர்ந்துவிட்டார். ராசி இல்லை, தோல். நாற்பது வருடம் கேழ்வரகுத் தாள் அறுத்து, புளி தட்டி, கொட்டை எடுத்த விரல்கள் அவை. நுனி காய்த்து, காய்ந்து, சட்டை போட்ட மாதிரி இருக்கும். இன்றைய திரைகள் அழுத்தத்தை அறிவதில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. ஈரமும் உப்பும் உள்ள விரல் மின்சாரம் கடத்தும், அது கிட்டே வரும்போது அந்தப் புலம் மாறுவதைத்தான் திரை தொடுதல் என்று எண்ணுகிறது. காய்ப்புக் காய்த்த வறண்ட தோல் நடுவில் ஒரு பலகை மாதிரி நிற்கிறது. உழைத்த விரலைத் தெரியாத திரை என்று இதை வைத்து ஒரு கவிதையே எழுதலாம். எழுதப் போவதில்லை.

வழியை அவரே கண்டுபிடித்தார். ஒரு நாள் மதியம் பஞ்சாங்கம் புரட்டுகிற நினைப்பில் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுவிட்டுத் திரையைத் தொட்டார். திறந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு நாக்கு. மகள் முகம் சுளிப்பாள், பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் எடுப்பாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் கல்லூரி முடித்துச் சில வருடம் கழித்து 'ஆகாஷ்' என்று ஒரு டேப் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2011 அக்டோபர் 5, டெல்லியில் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப், மாணவர்களுக்கு என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஏழு அங்குலம், 256 எம்பி ரேம். கையில் வாங்கிப் பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள், முக்கியமாக அதன் திரையை. ஏனென்றால் அது பழைய அழுத்தத் திரை. இரண்டு படலம், அழுத்தினால் ஒன்றோடொன்று தொடும், அவ்வளவுதான். லேசாகத் தடவினால் கேட்காது, நகத்தால் குத்த வேண்டும். ஊரே கேலி செய்த அந்தத் திரை எங்கள் அத்தை விரலுக்கு முதல் தொடலிலேயே கேட்டிருக்கும். மலிவான பொருளை இளசுகள் கையில் கொடுத்துச் சோதிக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது.

விரல் விஷயம் சரியானதும் அத்தைக்கு அடுத்த குறை வந்தது. "ஏம்மா, மூஞ்செல்லாம் மாவு அப்பின மாதிரி இருக்குதே." யூடியூபில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, காசு கட்டிப் பார்க்கும் ஆப்பில் மட்டும் மங்கல். நெட் சரியில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தோம். மாரண்டஅள்ளியில் என் தங்கை வீட்டு ஃபைபர் இணைப்பில் போட்டுப் பார்த்தபோதும் மாவு அப்படியே இருந்தது. பிறகுதான் தேடிப் பார்த்தேன். திருட்டுப் பதிவைத் தடுக்க 'வைட்வைன்' என்று ஒரு பூட்டு இருக்கிறது, 2010-இல் கூகுள் வாங்கியது. அதில் எல்1 என்றால் பூட்டைத் திறக்கிற வேலை சிப்புக்குள்ளேயே தனி அறையில் நடக்கும். எல்3 என்றால் சாதாரண மென்பொருளாக வெளியில் நடக்கும். எல்1-க்கான சோதனைகளையும் சான்றையும் முடிக்காத மலிவுக் கருவிகள் எல்3-இல் நின்றுவிடும். எல்3 கருவியை நம்பாத படச் சேவைகள் 480 வரித் தரத்துக்கு மேல் அனுப்பாது. நம் திரை 800 வரி காட்டும், நெட் வேகமாக வரும், மாதச் சந்தா எல்லோரையும் போலத்தான் கட்டுகிறோம். ஆனால் படம் பாதிக்கும் குறைவாகத்தான் வரும். பெட்டியின் மேல் 'ஹெச்டி டிஸ்பிளே' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். டிஸ்பிளே ஹெச்டிதான். பொய் இல்லை. எல்1-ஆ எல்3-ஆ என்பதைப் பெட்டியின் எந்த மூலையிலும் போடவில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: கடையிலேயே பிளே ஸ்டோரில் டிஆர்எம் இன்ஃபோ என்று தேடி ஒரு இலவச ஆப்பை இறக்கி, எல்1 என்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

சந்தாவை நிறுத்திவிட்டோம். அத்தை இப்போது யூடியூபில் பழைய படம் பார்க்கிறார்.

புழு மனையில் டேப் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். பருவக் கணக்கு, எந்தத் தேதியில் சாக்கி மையத்திலிருந்து (முட்டை பொரித்து இளம்புழு வளர்த்துத் தருகிற இடம்) இளம்புழு வந்தது, எத்தனை முறை தழை போட்டோம், காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ் உலர்குமிழ் வெப்பமானி சொல்வது எவ்வளவு என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். கூடு விற்கப் போகும்முன் தர்மபுரி அங்காடியில் அன்றைய விலை என்ன என்று குழுவில் பார்ப்போம். இதெல்லாம் சுலபம். சுலபம் இல்லாதது சுண்ணாம்பு.

புழு தோல் உரிக்கும் நேரத்தில் படுக்கை காய வேண்டும் என்று சுண்ணாம்புத் தூள் தூவுவோம். தோல் உரித்து எழுந்ததும் நோய் வராமல் கிருமிநாசினித் தூள். இரண்டும் மாவு மாதிரி மெல்லியது. மனைக்குள் இருக்கும் எல்லாவற்றிலும் போய் உட்காரும். டேபின் சார்ஜ் ஓட்டையிலும். ஒரு வருடம் கழித்து சார்ஜர் பின் முழுக்க உள்ளே போவது நின்றது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஏறும், விட்டால் நிற்கும். ரப்பர் பேண்டு போட்டு, மேலே தீப்பெட்டி வைத்து, கீழே கேழ்வரகுப் படியை முட்டுக் கொடுத்து ஒரு சிற்பமே செய்து வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். சார்ஜிங் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் ஒரு கடையில். வீட்டுக்கு வந்து டேபை முழுசாக அணைத்து, பல் குத்தும் குச்சியின் முனையைச் சீவி, மெதுவாக நோண்டினேன். கெட்டியாக இறுகிப்போன வெள்ளைக் கட்டி ஒன்று, பச்சரிசி அளவு, வெளியே வந்தது. பின் 'டக்' என்று உட்கார்ந்தது. ஊக்கு, ஊசி எதையும் விடக் கூடாது. உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்தால் நிஜமாகவே போர்டு மாற்ற வேண்டியிருக்கும்.

அசல் சார்ஜரின் வயர் பிய்ந்ததும் சந்தையில் 120 ரூபாய்க்கு ஒன்று வாங்கினோம். அதில் போட்டுக்கொண்டு தொட்டால் டேபுக்குப் பேய் பிடிக்கும். நான் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும், யாரும் தொடாமலே பக்கம் தானாக ஓடும். மகள் ஒரு மாதிரித் தேர்வை அதில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் 'ஆ' என்று தொட, அது 'இ' என்று குறிக்கும். "அம்மா, இதுக்கே பதில் தெரியுது போல" என்றாள் ஒரு கேள்வியில். உண்மையிலேயே 'இ'தான் சரி. மலிவான அடாப்டர்களில் மின்சார இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் சரியாக இருக்காது. இரண்டு முள் பிளக்கில் நில இணைப்பும் கிடையாது. இரைச்சல் முழுக்க டேபின் உடம்பில் ஏறி, விரல் தொடுவதால் வரும் சின்ன மாற்றத்தை மூழ்கடித்துவிடும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் இன்னும் ஆடும், பின்பக்கத் தகட்டில் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரியும் இருக்கும். நல்ல சார்ஜர் வாங்கியதும் பேய் போய்விட்டது. வேப்பிலை தேவைப்படவில்லை.

கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கம் 5 மெகாபிக்சல், குவியத்தை மாற்றாத வகை. தூரத்தில் நிற்கிற ஆளை எடுக்கும், கிட்டே இருக்கிற இலையை எடுக்காது. போன கோடையில் மல்பெரிக் கொழுந்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் வயிறு கலங்கும். 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அடுத்த வருடமே மல்பெரியில் ஏறித் தோட்டம் தோட்டமாக அழித்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. படம் அனுப்பச் சொன்னார் பட்டு வளர்ச்சித் துறை அலுவலர். என் வீட்டுக்காரருடைய போன் பழுதில் இருந்த நாள் பார்த்து, டேபைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். போனால் திரையே தெரியவில்லை. இதில் வெளிச்சத்தை உணரும் சென்சார் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு மனையில் கண் கூசக் கூடாது என்று வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தேன், வெயிலில் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. கூட்ட வேண்டிய பட்டையும் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது. முந்தானையைத் தலையோடு போர்த்தி, அதற்குள் டேபை வைத்து, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் மாதிரி குனிந்து தேடிக் கண்டுபிடித்தேன். வழியில் போன ஒருவர் "என்னம்மா, ஆவி பிடிக்கிறியா?" என்று கேட்டார்.

படம் மூன்றும் மங்கல். அலுவலர் பொறுமையாக, இன்னும் கிட்டே எடுங்கள் என்றார். கிட்டே போகப் போக மோசமானது. அப்போது அத்தையின் படிக்கும் கண்ணாடி ஞாபகம் வந்தது. 2.5 பவர். அதன் குவிய தூரம் 40 சென்டிமீட்டர் என்று பள்ளியில் படித்த கணக்கு சொன்னது; ஒரு மீட்டரை 2.5 ஆல் வகுத்தால் வருவதுதான். கண்ணாடியின் ஒரு சில்லைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, இலையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால், காலோடு பூச்சி தெரிந்தது. வெட்டிப் பெரிதாக்கி அனுப்பினேன். சாதாரண மாவுப்பூச்சிதான், கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள் என்றார். அன்று முதல் அத்தை தன் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் "செல்லுக்குப் போட்டு விட்டியா?" என்று கேட்கிறார்.

குரலில் சொல்லித் தட்டும் வசதிக்கு எங்கள் டேபில் நெட் வேண்டும், அதோடு நல்ல உச்சரிப்பும் வேண்டும். எங்கள் பக்கம் ழகரம் நாக்கில் நிற்காது. ஒரு நாள் கை முழுக்கச் சுண்ணாம்பு. "நாலு மணிக்குள்ள தழை வெட்டி வைங்க, நான் வர லேட்டாவும்" என்று சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரர் பாலக்கோட்டில் டீக்கடையில் இருந்தார். "நாலு மணிக்குள்ள தலை வெட்டி வைங்க" என்று வந்திருக்கிறது. கடையில் இருந்த எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். யாருடைய தலை என்று ஒருவாரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை, ஐபோன் உறை செய்கிற இடம். எங்கள் டேபை எடுத்துப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தாள். "அக்கா, இங்க இடைவெளி இருக்குது பாருங்க. எங்க லைன்ல இப்படி வந்தா தள்ளிடுவாங்க." அப்போது நான் சிரித்துவிட்டேன். அந்த இடைவெளி முதலில் இல்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது.

மார்கழி முழுக்கவே அது சரியாக இல்லை. சார்ஜ் 20 சதவீதம் காட்டும், விடியற்காலை மனைக்கு எடுத்துப்போனால் பொத்தென்று அணையும். வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்துத் திட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் எழுந்து, மறுபடி 18 என்று சொல்லும். வயதான லித்தியம் பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடும், குளிரில் இன்னும் கூடும். திடீரென்று கொஞ்சம் அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து, காலியாகிவிட்டது என்று டேப் நினைத்துக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்திருந்தும் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, அதுவும் தகரக் கூரை மனையின் கோடை வெக்கையில் வைத்து, மூன்று கோடை ஓட்டியிருக்கிறேன். படித்தவள்.

பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்தால் ஊஞ்சல் மாதிரி ஆடியது. தர்மபுரிக்கு எடுத்துப்போனேன். பழுது பார்க்கிற தம்பி மூடியைச் சூடு காட்டி நெம்பித் திறந்தான். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. "இத எங்கக்கா வெச்சிருந்தீங்க?" என்றான். "என் மாமியார் தலைமாட்டுல." அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நெம்புகோலால் பதறாமல் பிரித்து, கடைக்கு வெளியே மணல் நிரப்பி வைத்திருந்த வாளியில் அதை வைத்துவிட்டு வந்தான். உப்பினதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும் என்பது அவனுக்குப் பாடம் எடுக்காமலே தெரிந்திருந்தது. புது செல் ஒரிஜினல் கிடைக்காது, அளவு பொருந்துகிற வேறொன்று போடுகிறேன், 850 ரூபாய் என்றான். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கடைக்குப் போய் விசாரித்தேன். பழசைக் கொடுத்தால் 600 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம். புது டேப் அப்போது 12,000-இல் தொடங்கியது, 4 ஜிபி ரேம். மகளுக்கு ஆசைதான். அந்தப் பருவக் கூட்டுக்குக் கிடைத்த பணத்தில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருந்தது.

பேட்டரியோடு, கீறல் விழுந்த பழைய டெம்பர் கண்ணாடியையும் உரித்துவிட்டு 150 ரூபாய்க்குப் புதிது ஒட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் தடிமனானது, கீழே விழுந்தாலும் தாங்கும் என்றான் அந்தத் தம்பி.

சாயந்தரம் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டேபை மடியில் வைத்து, விரலை நாக்கில் தொட்டுத் திரையில் வைத்தார். ஒன்றும் திறக்கவில்லை. டேபைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார். பக்கத்தில் இருந்த சொம்பை இழுத்து, அதில் விரலை முக்கிவிட்டுத் தொட்டார்.

திறந்தது. "பேட்டரி புதுசு போட்டதும் கூடுதலாத் தண்ணி கேக்குது" என்றார்.